யாரோ எழுதிய குறிப்பு, நம் வீட்டு அடுப்பு

ஒரு சமையல் குறிப்பை வரிக்கு வரி அப்படியே பின்பற்றியும் குழம்பு வாயில் வைக்க முடியாமல் போனால், குறிப்பே சரியில்லை என்று ஒதுக்கிவிடுகிறோம். பல நேரம் குறிப்பில் பிழை இருப்பதில்லை. எழுதியவர் வீட்டில் இருந்தது பழைய புளி, நம் வீட்டில் இருப்பது புதுப்புளி. அவர் போட்டது மல்லி சேர்த்து அரைத்த குழம்புத்தூள், நாம் போட்டது தனி மிளகாய்த்தூள். அவர் அகலமான வாணலியில் கொதிக்கவிட்டார், நாம் உயரமான பாத்திரத்தில். இந்த மூன்றே போதும், குழம்பு வேறு குழம்பாகிவிட.

பிறர் குறிப்பிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியவை விகிதம், போடும் வரிசை, பதம். கரண்டிக் கணக்கும் நிமிடக் கணக்கும் எழுதியவர் அடுப்புக்கு உரியவை. அவற்றை நாம்தான் நம் சமையலறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் எந்த ஊர்க் குறிப்பையும் துணிந்து எடுத்துச் சமைக்கலாம்.

முதலில், எந்தக் குறிப்பை நம்பலாம்? பதம் சொல்லியிருக்கிறதா என்று பார்க்கிறேன். "10 நிமிடம் கொதிக்கவிடவும்" என்பதைவிட "பச்சை வாசனை போய் எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை" என்று எழுதியவர் அடுப்பின் முன் நின்று எழுதியிருக்கிறார். அடுத்தது வெங்காயம். 200 கிராம் பெரிய வெங்காயம் மிதமான தீயில் பொன்னிறமாக 12 முதல் 15 நிமிடம் பிடிக்கும். "வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும், 3 நிமிடம்" என்று இருந்தால், அந்தக் குறிப்பின் மற்ற நேரக் கணக்குகளையும் நம்ப வேண்டாம். தண்ணீரின் அளவு சொல்லாத குழம்புக் குறிப்பு பாதிக் குறிப்புதான்.

"ஒரு கப்" என்றாலும் எந்தக் கப் என்று பார்க்க வேண்டும். அமெரிக்கக் கப் 240 மி.லி., மெட்ரிக் கப் 250 மி.லி., ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மி.லி. அரிசிக்குத் தண்ணீர் அளக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே கப்பைப் பயன்படுத்தினால் இந்த வித்தியாசம் ஒன்றும் செய்யாது. அரிசியை ரைஸ் குக்கர் கப்பிலும் தண்ணீரைப் பெரிய கப்பிலும் அளந்தால்தான் சோறு குழையும். மேசைக்கரண்டி பெரும்பாலான நாடுகளில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் மட்டும் 20 மி.லி. அங்கே இருப்பவர்கள் உப்பு, மிளகாய்த்தூள் விஷயத்தில் இதைக் கவனிக்க வேண்டும். கல் உப்பைக் கரண்டியில் எடுத்தால் இடையிடையே காற்று நிற்கும், எடை குறையும். கல் உப்புக்கு எழுதிய அளவில் தூள் உப்பைப் போட்டால் கரிக்கும். முதலில் முக்கால் பங்கு போட்டு, ருசி பார்த்துவிட்டு மீதியைச் சேர்க்கலாம்.

இனி மிளகாய்த்தூள். பிறர் குறிப்பைச் சமைக்கும்போது அதிகம் கெடுவது இங்கேதான். தமிழ்நாட்டு வீடுகளில் பலர் "மிளகாய்த்தூள்" என்று சொல்வது மிளகாயோடு மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், பருப்பு எல்லாம் வறுத்து அரைத்த குழம்பு மிளகாய்த்தூளை. யாழ்ப்பாணத்து வீடுகளிலும் மிளகாய்த்தூள் என்றால் மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு சேர்த்து வறுத்து இடித்த கறித்தூள்தான். வெறும் மிளகாயை அரைத்தது "தனி மிளகாய்த்தூள்". குறிப்பில் எது என்று எழுதியிருக்காவிட்டால் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். நாலு பேருக்கான குழம்பில் 3 தேக்கரண்டி மிளகாய்த்தூள் என்று சொல்லி, மல்லித்தூளைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் அது கலந்த தூள். 1 தேக்கரண்டி மிளகாய்த்தூள், 2 தேக்கரண்டி மல்லித்தூள் என்று பிரித்துச் சொன்னால் தனித்தூள். கலந்த தூள் கைவசம் இல்லையென்றால், அதன் 3 தேக்கரண்டிக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி தனி மிளகாய்த்தூள், ஒன்றே முக்கால் தேக்கரண்டி மல்லித்தூள், கால் தேக்கரண்டி சீரகத்தூள் போடலாம். அதே மணம் வராது, காரம் சரியாக இருக்கும்.

மிளகாயின் ரகமும் சேர்ந்துகொள்ளும். காஷ்மீரி மிளகாயும் பேடகி மிளகாயும் நல்ல நிறம் கொடுக்கும், காரம் குறைவு. குண்டூர் மிளகாய் நல்ல காரம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய், தாளிப்பிலும் வறுத்து அரைக்கும் பொடிகளிலும் தரும் மணத்துக்கு ஈடு இல்லை என்பது என் எண்ணம். குழம்பு சிவப்பாக இருக்கும் படத்தைப் பார்த்து, அந்த நிறம் வரும்வரை குண்டூர்த் தூளைக் கொட்டக் கூடாது. நிறம் வேண்டுமானால் பாதிக்குப் பாதி காஷ்மீரி கலந்துகொள்ளலாம்.

இதையெல்லாம் ஒரே குழம்பில் பார்த்துவிட வத்தக்குழம்பு பொருத்தமானது. பொருள்கள் குறைவு, கெடுவதற்கான இடங்கள் அதிகம். நாலு பேருக்கு இந்த அளவு: புளி 30 கிராம், அதாவது எலுமிச்சை அளவு. நல்லெண்ணெய் 4 மேசைக்கரண்டி. சுண்டைக்காய் அல்லது மணத்தக்காளி வற்றல் 2 மேசைக்கரண்டி. சின்ன வெங்காயம் 15, பூண்டு 10 பல். சாம்பார்ப் பொடி இரண்டரைத் தேக்கரண்டி. கடுகு அரைத் தேக்கரண்டி, துவரம்பருப்பு ஒரு தேக்கரண்டி, வெந்தயம் கால் தேக்கரண்டி, பெருங்காயம், கறிவேப்பிலை. வெல்லம் சிறு துண்டு.

புளியை ஒரு கப் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து, திரும்பத் திரும்பத் தண்ணீர் விட்டுப் பிழிந்து மொத்தம் 3 கப் புளித்தண்ணீர் எடுத்துக்கொள்ளவும். புதுப்புளி செந்நிறமாக இருக்கும், சுள்ளென்று புளிக்கும். பழைய புளி கருத்திருக்கும், புளிப்பு அடங்கியிருக்கும். புதுப்புளி என்றால் 20 கிராமில் தொடங்கலாம். கடையில் விற்கும் புளி விழுது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஒரு தேக்கரண்டியை 3 கப் தண்ணீரில் கரைத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே கூட்ட வேண்டும். பச்சைப் புளித்தண்ணீர், குடிக்கும் ரசத்தைவிடக் கொஞ்சம் தூக்கலாகப் புளித்தால் போதும், கொதித்துச் சுண்டும்போது இன்னும் ஏறும்.

எண்ணெய் மிதமாகக் காய்ந்ததும் முதலில் வற்றலை வறுத்துத் தனியே எடுத்து வைக்கவும். சுண்டைக்காய் அடர்ந்த பழுப்பு நிறத்துக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும், கருகினால் குழம்பு முழுதும் கசந்துவிடும். அதே எண்ணெயில் கடுகு வெடித்ததும் துவரம்பருப்பு, அது சிவந்ததும் வெந்தயம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் பருப்பு சிவப்பதற்குள் வெந்தயம் கருத்துவிடும். கால் தேக்கரண்டி வெந்தயம் கருகினாலும் அந்தக் கசப்பை வெல்லத்தால் சரிசெய்ய முடியாது, தாளிப்பைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. பிறகு கறிவேப்பிலை, பெருங்காயம், பூண்டு, வெங்காயம். வெங்காயம் கண்ணாடி போல் ஆகி ஓரம் சிவக்கும்வரை வதக்கவும்.

இப்போது தீயைக் குறைத்துப் பொடியைப் போட்டு, 20 அல்லது 30 விநாடி எண்ணெயில் புரட்ட வேண்டும். எண்ணெயில் பொரிந்த பொடியின் மணம் தண்ணீரில் போட்ட பொடிக்கு வராது. ஆனால் அரை நிமிடம் தாண்டினால் நெடி ஏறி இருமல் வரும், அது பொடி கருகியதற்கு அடையாளம். அதனால் புளித்தண்ணீரைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டே பொடியைப் போடவும்.

புளித்தண்ணீர் ஊற்றியபின் பெரிய தீயில் ஒரு கொதி, பிறகு மிதமான தீயில் மூடாமல் 15 முதல் 20 நிமிடம். பாத்திரம் அகலமாக இருந்தால் 15-லேயே சுண்டும், குறுகலாக இருந்தால் 25 கூட ஆகும். 3 கப் தண்ணீர் ஒன்றரைக் கப்பாகச் சுண்டி, எண்ணெய் மேலே பிரிந்து மினுங்க வேண்டும். உப்பை எப்போது போடுவது என்பதைப் பல குறிப்புகள் சொல்வதில்லை. 3 கப்புக்குச் சரியாக உப்புப் போட்டால், ஒன்றரைக் கப்பாகும்போது அது இரண்டு பங்கு உப்பாகிவிடும். போதாததற்கு வற்றல் உப்பு மோரில் ஊறிக் காய்ந்தது. எனவே தொடக்கத்தில் அரைத் தேக்கரண்டி, சுண்டிய பிறகு ருசி பார்த்து மீதி. கடைசியில் வறுத்த வற்றலும் வெல்லமும் சேர்த்து இரண்டு நிமிடத்தில் இறக்கலாம்.

நீர்த்துப்போய்ப் புளிப்பாக இருந்தால் கொதி போதவில்லை என்று அர்த்தம். அவசரத்துக்கு ஒரு தேக்கரண்டி அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து விட்டால் கெட்டிப்படும், பச்சை வாசனை மட்டும் போகாது. அதற்குக் கொதிதான் மருந்து. உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டு எடுப்பதில் பெரிய பயன் இல்லை, கிழங்கு குழம்போடு சேர்த்துக் கொஞ்சம் உப்பை உறிஞ்சுமே தவிர, மிச்சக் குழம்பு அதே கரிப்பில்தான் இருக்கும். உப்பில்லாத நீர்த்த புளித்தண்ணீர் அரைக் கப் விட்டு மறுபடி கொதிக்கவைப்பதுதான் சரி.

புளியைப் பற்றி இன்னொன்று. புளிப்பு சேர்ந்தால் காயும் பருப்பும் எளிதில் மசியாது. புளித்தண்ணீரில் நேராகப் போட்ட கத்தரிக்காயோ பரங்கிக்காயோ நீண்ட நேரம் விறைப்பாக நிற்பது இதனால்தான். சாம்பாரில் காய் முக்கால் பதம் வெந்த பிறகே புளி விட வேண்டும். துவரம்பருப்பைப் புளியோ தக்காளியோ இல்லாமல் தனியாக வேகவைப்பதற்கும் காரணம் இதுவே. அதையும் மீறிப் பருப்பு வேகாவிட்டால் பருப்பு பழசு, அல்லது தண்ணீர் கடினத் தண்ணீர். போர்த் தண்ணீர் வரும் வீடுகளில் பருப்புக்கு மட்டும் வடிகட்டிய குடிநீரைப் பயன்படுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

குக்கர் விசில் கணக்கையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சாதாரண குக்கரின் உள்ளே வெப்பம் 120 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். பெரிய தீயில் ஐந்து விசில் மூன்று நிமிடத்தில் வந்துவிடலாம், சின்னத் தீயில் அதே ஐந்துக்குப் பதினைந்து நிமிடம் ஆகலாம். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, அங்கிருந்து நிமிடக் கணக்கு வைத்துக்கொள்வது நிச்சயமானது. முக்கால் கப் துவரம்பருப்புக்கு இரண்டே கால் கப் தண்ணீர், மஞ்சள்தூள், ஒரு சொட்டு எண்ணெய், முதல் விசிலுக்குப் பின் குறைந்த தீயில் 8 நிமிடம், ஆவி தானாக அடங்கும்வரை மூடியைத் தொடக் கூடாது.

இட்லி மாவுக் குறிப்பில் ஊரும் பருவமும் சேர்ந்துகொள்கின்றன. கிரைண்டரில் அரைத்தால் இட்லி அரிசி 4 கப், முழு உளுந்து 1 கப், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. மிக்ஸியில் உளுந்து அந்த அளவு பொங்காது, 3-க்கு 1 வைத்துக்கொள்ளலாம். மிக்ஸி சூடேறினால் மாவின் பொங்கல் அடங்கிவிடும், குளிர்ந்த தண்ணீர் தெளித்து விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். கிரைண்டரில் உளுந்து 25 முதல் 30 நிமிடம், தண்ணீரைக் கை கையாகத் தெளித்து. ஒரு துளி மாவைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டால் மிதக்க வேண்டும். அரிசியை மெல்லிய ரவைப் பதத்தில் நிறுத்தவும், மையாக அரைத்தால் இட்லி களியாகும். கல் உப்பு ஒன்றரை மேசைக்கரண்டி போட்டுக் கையால் கலக்கவும்.

மாவைப் புளிக்கவைக்கும் லியூக்கோனாஸ்டாக் முதலான நுண்ணுயிர்கள் உளுந்தோடும் அரிசியோடும் வந்தவைதான். அவை எழுப்பும் காற்றைப் பிடித்து வைப்பது உளுந்தின் கொழகொழப்பு. 28 முதல் 32 டிகிரி வெப்பம் அவற்றுக்குத் தோது. சென்னைக் கோடையில் 6 மணி நேரத்திலேயே பொங்கிவிடும், டொராண்டோவின் குளிர்காலத்தில் 16 மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. "இரவு முழுதும் புளிக்கவிடவும்" என்ற வரியை இரண்டு ஊரிலும் ஒன்றாகப் படிக்க முடியாது. மாவு இரண்டு மடங்காகி, கரண்டியால் ஓரத்தைத் தள்ளினால் உள்ளே குமிழ் குமிழாகத் தெரிவதுதான் பதம். குளிர் நாட்டில் இருப்பவர்கள் ஓவனைச் சூடேற்றாமல் அதன் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கலாம், உப்பைப் பொங்கிய பிறகு சேர்க்கலாம், உப்பு புளிப்பதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். பொங்கிய மாவை அடித்துக் கலக்கக் கூடாது, பிடித்து வைத்த காற்றெல்லாம் போய்விடும். 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வைத்து இறக்கி, இரண்டு நிமிடம் ஆறவிட்ட பிறகு எடுத்தால் இட்லி தட்டில் ஒட்டாது.

தேங்காய்ப்பாலும் மோரும் கொதியைத் தாங்காதவை. திருநெல்வேலி சொதியில் காய்களை இரண்டாம் மூன்றாம் பாலில் வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் விட்டு, ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு இறக்கிச் சற்று ஆறிய பிறகு. டின் பால் என்றால் அதையே முதல் பாலாக வைத்துக்கொண்டு, அதில் சம அளவு தண்ணீர் கலந்ததை இரண்டாம் பாலாகக் கொள்ளலாம். மோர்க்குழம்பில் ஊறவைத்த ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பும் ஒரு தேக்கரண்டி அரிசியும் தேங்காயோடு அரைத்துச் சேர்ப்பது கெட்டிப்பட மட்டும் இல்லை, அந்த மாவுச்சத்துதான் மோர் திரியாமல் காக்கிறது. அந்த வரியை விட்டுவிட்டுச் செய்தால் குறைந்த தீயிலும் திரியும்.

குறிப்பை இரண்டு மடங்காக்கும்போது புளி, பொடி, காய் எல்லாம் இரண்டு மடங்கு. தாளிக்கும் எண்ணெய் ஒன்றரை மடங்கு போதும். தண்ணீர் இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவாக, ஏனென்றால் அதே அகலப் பாத்திரத்தில் ஆவியாகும் வேகம் இரண்டு மடங்காவதில்லை. புதிய குறிப்பை முதல் தடவை பாதி அளவில் செய்வது நல்லது. அதில் மாற்றியதைக் குறிப்பின் ஓரத்திலேயே எழுதி வைக்கவும்: புளி எத்தனை கிராம், எந்தத் தூள், எந்தப் பாத்திரம், சுண்ட எவ்வளவு நேரம்.

எதைச் சமைப்பது என்று தேடும்போது, முழுக்கப் புதிதான ஒன்றைவிட, கைவந்த ஒன்றிலிருந்து ஒரே ஒரு படி தள்ளியிருப்பதைத் தேர்ந்தெடுப்பது பலன் தரும். வத்தக்குழம்பு கைவந்துவிட்டால், வற்றலை விட்டுவிட்டுப் பூண்டை 30 பல்லாக்கி எண்ணெயில் மெதுவாகச் சிவக்கவிட்டால் பூண்டுக் குழம்பு. சாம்பார்ப் பொடியை விட்டுவிட்டு மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, துவரம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் 2, ஒரு பிடி கறிவேப்பிலை வறுத்து அரைத்து விட்டால் மிளகு குழம்பு. பருப்பு சேர்வதால் அது சீக்கிரம் கெட்டிப்படும், புளித்தண்ணீர் அரைக் கப் கூடுதலாக இருக்கட்டும். எண்ணெய்க் கத்தரிக்காய்க்குப் பிஞ்சுக் கத்தரிக்காய் எட்டை காம்போடு நாலாகக் கீறி, அதே நல்லெண்ணெயில் முதலில் தோல் சுருங்கி உள்ளே மெத்தென்று ஆகும்வரை வதக்கி எடுத்து வைத்து, குழம்பு பாதி சுண்டிய பிறகு போடவும். பச்சையாகப் போட்டால், புளி அதை வேகவிடாது.